கேமராவிலிருந்து பிரித்து வைக்கும் ஃபிளாஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் மாட்டிப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டாலே படம் சிறந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஃபிளாஷைத் தள்ளி நின்று இயக்க உதவும் ட்ரிகர் வாங்குகிறார்கள். முகத்துக்கு நிழலும் வடிவமும் கிடைப்பது உண்மைதான். ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம், ஃபிளாஷ் வெளிச்சம் என இரண்டு எக்ஸ்போஷர்கள் கலந்திருக்கின்றன என்பதை மறந்துவிடுவதால் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

திருமண வரவேற்பு மேடையை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 8, ஷட்டர் 1/200 விநாடி என்று வைத்து எடுத்தால் மணமக்களின் முகம் சரியாக விழுந்திருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட பின்னணி அலங்காரமோ இருட்டில் மூழ்கியிருக்கும். உடனே ஃபிளாஷின் பவரைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு. அதனால் முகம் வெளிறுமே தவிர, பின்னணி தெளியாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் மிகச் சிறு பகுதிக்குள்ளேயே ஃபிளாஷ் மின்னி முடிந்துவிடுவதால், ஷட்டர் வேகத்தை 1/50 ஆகக் குறைக்கும்போது பின்னணி வெளிச்சம் இரண்டு ஸ்டாப் கூடும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு); முகத்தில் விழும் ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது. அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டு வெளிச்சங்களையும் சேர்த்தே பாதிக்கும். ஆகவே முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பின்னணியை முடிவு செய்துகொண்டு, அதன்பிறகே ஃபிளாஷை இயக்க வேண்டும்.

வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/2000 வரை போய்விடும். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகமான சிங்க் வேகமோ 1/200 அல்லது 1/250தான். அதைத் தாண்டினால், ஷட்டரின் முதல் திரை முழுவதும் விலகும் முன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுவதால், படத்தின் ஓர் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷை ஒரே மின்னலாக இல்லாமல் தொடர்ந்து துடிக்கவைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் இதைத் தீர்க்கும் என்றாலும் ஃபிளாஷின் வலிமையைப் பெருமளவு விழுங்கிவிடும். சிறிய ஃபிளாஷ் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர், லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு 1/250க்கே இறங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது தூரம். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் சாஃப்ட் பாக்ஸ் வாங்கியும் நிழல் கடுமையாக இருக்கிறது என்று குறைப்படுபவர்களில் பலர் அதை மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். அறுபது சென்டிமீட்டர் சாஃப்ட் பாக்ஸ் ஒரு மீட்டரில் நின்றால் முகத்துக்குப் பெரிய விளக்கு. மூன்று மீட்டரில் அது வெறும் புள்ளி. அதோடு அங்கிருந்து அதே வெளிச்சத்தைப் பெற ஒன்பது மடங்கு பவரும் வேண்டும். ஆனால் குழுப் படத்தில் கிட்டே வைப்பதே தவறாகிவிடும். விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் மீது விழுவதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் நிற்பவரைச் சேரும். அவர்களையே மூன்று, நான்கு மீட்டரில் நிறுத்தினால் வேறுபாடு ஒரு ஸ்டாப்புக்கும் குறைந்துவிடும்.

ஒளி எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதை மாற்றும் ஃபிளாஷ் தலையின் ஜூமைப் பலர் கவனிப்பதே இல்லை. அது 105 மிமீயில் நின்றுபோயிருந்தால் ஒளியைப் பரப்ப மாட்டும் குடையின் நடுப்பகுதியில் மட்டுமே வெளிச்சம் பட்டு, பெரிய குடையும் சிறியதாகவே வேலை செய்யும்; 24 அல்லது 35க்கு மாற்றிவிடுங்கள். மஞ்சள் பல்புகள் எரியும் மண்டபத்தில் ஃபிளாஷின் முன் ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) இல்லாமல் எடுத்தால் முகம் ஒரு நிறம், சுவர் வேறு நிறம் என்றாகிவிடும். பின்னால் எடிட்டிங்கில் அதைத் திருத்துவது பெரும்பாடு.

கடற்கரையில் குடை மாட்டிய ஸ்டாண்டு பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துச் சாயும். மணல் மூட்டையை ஸ்டாண்டின் காலில் தொங்கவிடுங்கள், அல்லது பிடித்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் குடையைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷில் எடுப்பதே மேல்.