மூன்று வெயில் என்றால் எத்தனை நாள்?

கனடாவில் இருக்கும் சித்தியின் மகள் போன ஆடி மாதம் மோர்மிளகாய் போட ஆசைப்பட்டு அம்மாவிடம் செய்முறை கேட்டாள். அம்மாவும் மனதாரச் சொன்னார். "மிளகாயைக் கீறி, உப்பு மோரில ஊறப் போட்டு, மூண்டு வெயில் காய வை பிள்ளை. அவ்வளவுதான்." அவள் சொன்னது பிசகாமல் செய்து மூன்று நாள் பால்கனியில் வைத்திருக்கிறாள். நான்காம் நாள் மிளகாய்க் காம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். "பெரியம்மா எதையோ மறைச்சுப்போட்டா" என்று எனக்கு அழைத்துச் சொன்னாள். பகிடிதான், ஆனாலும் பாதி மனக்குறை.

அம்மா எதையும் மறைக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டது கச்சான் காற்றை. (தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்களுக்கு வேர்க்கடலையும் கச்சான்தான். இங்கே காற்றைச் சொல்கிறேன்.) வைகாசி முதல் ஆவணி வரை மேற்கே இருந்து வரும் காற்று அது. தென்மேற்குப் பருவமழையை இலங்கை மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி எங்கள் திருகோணமலைக்கு வந்து சேரும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுக்கும். எங்கள் முற்றத்தில் மிளகாயைக் காய வைப்பதில் பாதி வேலை வெயிலுடையது, மீதி இந்தக் காற்றினுடையது. அது வீசாத ஊரில் மூன்று வெயில் என்பதற்கு அர்த்தமே இல்லை.

கோடைக்குச் செய்வதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி இந்த வகைதான். சமைக்கத் தெரியாமல் வருவதில்லை. நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் அதிகம் வரும். கைக்குப் பழகியது வாய்க்கு வராது.

மோர்மிளகாயையே முழுதாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு: அரைக் கிலோ மிளகாய்க்கு அரை லீற்றர் புளித்த கெட்டி மோர், 50 கிராம் உப்பு. காம்பை ஆயக்கூடாது. நுனியையும் காம்புப் பக்கத்தையும் விட்டு நடுவில் மட்டும் கீற வேண்டும். முழுவதும் கீறினால் விதை கொட்டும். கீறாமல் விட்டால் மோர் உள்ளே இறங்காது, பொரிக்கும்போது வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். இரவு மோரில் ஊறட்டும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துப் பாயில் பரப்பி, மாலையில் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க மிளகாய்க்குள் போய் முடிந்தபிறகு வெறும் வெயிலில் காய வைக்க வேண்டும். ஆக, அம்மாவின் "மூண்டு வெயில்" கணக்குத் தொடங்குவதே மோர் வற்றிய நாளிலிருந்துதான்! அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்னொன்று, பொழுது சாயுமுன் பாயைச் சுருட்டி உள்ளே எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் இரவுக் காற்று பகலில் காய்ந்ததைத் திரும்ப ஈரமாக்கிவிடும். நாளைக் கணக்கு வைப்பதைவிட, மிளகாயை ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தச் சத்தம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

வெயில் இல்லாத இடத்தில் அவனில் (oven) வைக்கலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். 60 பாகை போதும், கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

அடுத்த பிழை அளவில். "ஒரு கரண்டி உப்பு" என்கிறோம். நிலாவெளி உப்பளத்துக் கட்டி உப்பைப் போட்டுப் பழகிய கைக்கு ஒரு கரண்டி ஒரு நிறை. தூள் உப்பை அதே கரண்டியில் அள்ளினால் இடைவெளி இல்லாமல் நிரம்பி நிறை கூடிவிடும். கறி கரிப்பது இதனால்தான். சுண்டு, பேணி, சிரட்டை எல்லாம் அழகான அளவுகள், எனக்கும் பிடிக்கும். தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும்போது ஒருதரம் தராசில் வைத்துக் கிராமில் சொல்லிவிடுங்கள்.

சொற்களும் காலை வாரும். சென்னையில் என்னோடு படித்த தோழிக்குப் பூசணிக்காய்ப் பாற்கறி எழுதி அனுப்பினேன். அவள் நாங்கள் நீற்றுப்பூசணி என்பதை வாங்கி வெட்டிவிட்டாள். நமது மஞ்சள் பூசணி அங்கே பரங்கிக்காய். "தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி" என்று எழுதியிருந்தது அதைவிட மோசம். நாங்கள் சொல்வது துருவிய தேங்காய். அங்கே தேங்காய்ப்பூ என்றால் முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பஞ்சு, பனங்கொட்டையை வெட்டிப் பூரான் என்று தின்போமே, அதுமாதிரி. தேசிக்காய் எலுமிச்சை, பெருஞ்சீரகம் சோம்பு, கறுவா பட்டை. இவற்றை ஒருவாறு ஊகிப்பார்கள். ஊகிக்க முடியாதது மிளகாய்த்தூள். எங்கள் வீடுகளில் தூள் என்றால் மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து மிளகாயோடு சேர்த்து அரைத்தது. அந்த அளவில் வெறும் மிளகாய்த்தூளைப் போட்டால் சாப்பிடுகிறவர் கண்ணீர்தான் விடுவார்.

கோடையில் சோற்றை இறக்க எங்களுக்குச் சொதி வேண்டும். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டு அவித்து, கடைசியாக முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். ஓரத்தில் கொதி வரும் முன்னரே இறக்க வேண்டும். முதற்பால் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான், அதுவும் சற்று ஆறிய பிறகு. தேசிக்காயை முதலே பிழிந்து வைக்காதீர்கள், நேரம் போகப் போகக் கைக்கும். வெளிநாட்டில் தகரப்பேணிப் பால் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது தடிப்பு. தண்ணீர் கலக்காமல் விட்டால் சொதி களியாகும்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியில் வரும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றுவதுதான் நான் பார்க்கும் பெரிய பாவம். மண்சட்டி தயிரின் தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் கத்தியால் வெட்டும் பதத்தில் நிற்கிறது. மாற்றிய மறுநாள் பெட்டிக்குள் குளம் கட்டும். சட்டியிலேயே இருக்கட்டும், ஈரக் கரண்டி போடாதீர்கள். மோருக்கு மிக்சியில் ஓட விடவும் வேண்டாம். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம், கொஞ்சம் கூட ஓடினாலும் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். மத்தால் பத்துச் சுற்று, அல்லது ஒரு போத்தலில் விட்டுக் குலுக்கு. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் குடிக்கிற நேரத்தில் வெட்டிப் போட்டால் போதும்.

இனிச் சொல்வது பகிடி இல்லை. இங்கே கோடைதான் மீன் காலம். தென்மேற்குக் காற்றுக்கு மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் கடல் குளம் போல் கிடக்கும். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தெல்லாம் மீனவர்கள் வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) போடுவார்கள். சூரையும் சூடையும் மலிந்த அந்த நாட்களில்தான் வீட்டுக்காரர் காலை மீனை வாங்கிப் பையோடு மோட்டார் சைக்கிளில் கொழுவிவிட்டு, வங்கி, கடை, நண்பர் வீடு என்று சுற்றி மதியத்துக்கு வந்து சேர்வார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருநாள் நடந்தது. மீன் மணக்கவில்லை, கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. பொரித்துச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் மூன்று பேருக்கு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடித்தது. "சூரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று அன்று நினைத்தோம். மருந்தெடுக்கப் போன இடத்தில்தான் விளங்கியது. சூரை போன்ற மீன்கள் வெக்கையில் கிடந்தால் அவற்றில் பக்ரீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒருமுறை உண்டானால் பொரித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. "பழசென்றால் நல்லாப் பொரிச்செடு" என்ற அறிவுரை இங்கே உதவாது. மீன் குறிப்புச் சொல்பவர் தூள் அளவைச் சொல்லுமுன் ஐஸைச் சொல்ல வேண்டும்: சந்தையிலேயே ஐஸ் போட்டு நேரே வீட்டுக்கு.

பழஞ்சோற்றுக்கும் இதே கதை. அம்மம்மா பழஞ்சோற்றில் தயிரும் சின்ன வெங்காயமும் முந்தின நாள் குழம்பும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். அதற்கு ஈடான கோடைச் சாப்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அம்மம்மா தண்ணீர் ஊற்றியது இரவில் வடித்து ஆறிய சோற்றுக்கு. நாங்கள் செய்வது, மதியம் சமைத்து அடுப்படியில் இரவு ஒன்பது மணி வரை கிடந்ததைத் தூக்கி ஊற வைப்பது. சோற்றில் சில கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகும், அவை விடும் நஞ்சு சூடாக்கினாலும் நிற்கும். சமைத்ததை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதே என்பார்கள், 32 பாகைக்கு மேல் வெக்கையென்றால் ஒரு மணித்தியாலம்தான். எங்களுக்கு 35ஐத் தாண்டுவது புதினமே இல்லை. தேங்காய்ப்பால் சேர்ப்பதென்றால் காலையில், பிழிந்த கையோடு.

வெள்ளரிப்பழத்துக்கு ஒரே வரி: சீனியை வாயில் வைக்குமுன் தூவுங்கள். முன்பே தூவினால் பழம் தண்ணீர் விட்டுச் சக்கையாகும்.

வீட்டைக் குளிராக வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். கச்சான் வீசும் பகலில் "காற்று வரட்டும்" என்று மேற்கு யன்னலைத் திறப்பது அடுப்பு வாயைத் திறப்பது போல. காலை பத்து மணிக்கு மூடி, பின்னேரம் கடற்காற்று திரும்பியதும் கிழக்கைத் திறக்க வேண்டும். மண்பானைத் தண்ணீரும் அப்படித்தான். பானை சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிரும். அதைக் காற்றில்லாத மூலையில் வைத்துவிட்டு, அழகுக்குப் பெயின்ரும் அடித்தால் துவாரம் அடைபட்டு வெறும் பாத்திரமாகிவிடும். சவர்க்காரமும் போடக்கூடாது, மண் அதைக் குடித்துத் திரும்பத் தண்ணீருக்குள் விடும்.

மூடிய யன்னலுக்குள் பின்னேரம் வரை செய்ய என்ன இருக்கிறது? வாசிப்புத்தான். புத்தகம் சொல்வதிலும் நான் சறுக்கியிருக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்த, முறைக்கு எனக்கு மருமகளான பதினைந்து வயதுப் பிள்ளையிடம் 'மோகனாங்கி'யைக் கொடுத்தேன். 1895இல் வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள், எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் திருகோணமலைக்காரர். இவ்வளவு பெருமையையும் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காலத்து உரைநடை கடினம், மெல்ல வாசி என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே மேசையில் திரும்ப வந்துவிட்டது. பெருமைக்காக யாரும் அத்தனை பக்கம் நடக்க மாட்டார்கள்.

பிறகு வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுப்பைக் கொடுத்தபோது வேறுமாதிரிச் சொன்னேன். "இவர் மூதூர். நீ போன கிழமை கால் நனைச்ச கொட்டியாரக் குடாதான் இவருக்கும் கடல். ஒரு கதை மட்டும் வாசி." ஒன்றில் நிற்கவில்லை. இன்னொரு நாள் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸைப் பற்றிச் சொன்னேன். 1660இல் அதே கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் அடைபட்டுக் கிடந்து தப்பியவர், சனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வீடு கட்டினார்கள் என்றெல்லாம் 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். "பிடிபட்டது எந்த இடத்தில மாமி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பிறகு நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு "வாசித்துப் பார்" என்பது எனக்குள்ள பழைய வியாதி.

புத்தகத்தை இரவல் கொடுப்பவர்கள் பராமரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரம் போகட்டும் என்று கோடையில் மிளகாயோடு மிளகாயாகப் புத்தகத்தையும் வெயிலில் பரப்புகிறார்கள். தாள் மஞ்சளித்து நொறுங்கும், முதுகில் ஒட்டிய பசை விட்டுப்போகும். நிழலில், காற்றில் விரித்து வைத்தால் போதும். பூச்சிக்கு வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்த இலை. என் 'தோணி' பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது நடுவில் பச்சை இலை ஒன்று இருந்தது. இலையை எடுத்துப் போட்டாயிற்று, அதன் நரம்பெல்லாம் பழுப்பு நிறத்தில் இரண்டு பக்கத்திலும் அப்படியே பதிந்திருக்கிறது.