எக்செலில் ஷீட்டை வேறு கோப்புக்கு நகலெடுத்த பிறகும் ஃபார்முலா பழைய கோப்பையே காட்டினால்

மார்ச் மாதக் கணக்குக் கோப்பில் ‘விலை’, ‘விற்பனை’ என இரண்டு ஷீட்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். விற்பனை ஷீட்டின் ஒரு செல்லில் =விலை!பி2 என்ற ஃபார்முலா இருக்கிறது. விற்பனை ஷீட்டை மட்டும் ஏப்ரல் கோப்புக்கு நகலெடுத்தால், அங்கே ஏற்கெனவே ‘விலை’ என்ற ஷீட் இருந்தாலும், எக்செல் அதை எடுத்துக்கொள்ளாமல் ஃபார்முலாவை ='[மார்ச்.xlsx]விலை'!பி2 என்று மாற்றிவிடும். சதுர அடைப்புக்குறிக்குள் பழைய கோப்பின் பெயர் பின்னொட்டுடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராததால், நான் ஒருமுறை ஏப்ரல் மாதம் முழுவதும் மார்ச் விலையிலேயே கூட்டிக்கொண்டிருந்தேன்.

இதைத் தவிர்க்க, இரண்டு கோப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு, பழைய கோப்பில் ‘விலை’ டேபைச் சொடுக்கி, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே ‘விற்பனை’ டேபையும் சொடுக்குங்கள். பிறகு வலது சொடுக்கில் ‘மூவ் ஆர் காப்பி’யைத் திறந்து, ‘டு புக்’ பட்டியலில் புதிய கோப்பைத் தேர்ந்து, ‘கிரியேட் எ காப்பி’ கட்டத்தில் மறவாமல் குறியிடுங்கள். அதை விட்டுவிட்டால் ஷீட்டுகள் பழைய கோப்பிலிருந்து நீங்கிப் போய்விடும். ஒன்றாகச் சென்ற ஷீட்டுகள் புதிய கோப்புக்குள் ஒன்றையொன்று சரியாகவே சுட்டும். ஆனால் அவற்றில் எக்செல் டேபிள் (‘இன்செர்ட்’ பகுதியில் ‘டேபிள்’ கொடுத்து உருவாக்கிய அட்டவணை) இருந்தால் இப்படிக் கூட்டாக நகலெடுக்க அனுமதி கிடைக்காது.

ஏற்கெனவே தனியாக நகலெடுத்துவிட்டீர்களா? புதிய கோப்பில் ‘விலை’ ஷீட் அதே பெயரில் இருப்பதை உறுதிசெய்து, கோப்பைச் சேமித்துவிட்டு, ‘டேட்டா’ பகுதியில் ‘எடிட் லிங்க்ஸ்’ என்பதைத் திறவுங்கள். புதிய பதிப்புகளில் இதன் பெயர் ‘வொர்க்புக் லிங்க்ஸ்’. அங்கே ‘சேஞ்ச் சோர்ஸ்’ கொடுத்து, இப்போது திறந்திருக்கும் இதே கோப்பையே தேர்ந்தால் அடைப்புக்குறிப் பகுதி முழுவதும் மறைந்துவிடும். ஒரு கோப்பையே அதற்கு மூலமாகக் காட்டுவது விசித்திரமாகத் தோன்றினாலும், கைவசம் உள்ள வழிகளில் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

முடித்தபின் கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தி, தேடும் எல்லையை முழுக் கோப்பு என்றும், தேடும் இடத்தை ஃபார்முலா என்றும் வைத்து, [ என்ற குறியைத் தேடுங்கள். டேபிள் பயன்படுத்தும் ஃபார்முலாக்களிலும் இக்குறி வரும் என்பதால், அதற்குள் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கும் இல்லாதபோதும் கோப்பைத் திறக்கையில் இணைப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால், ‘நேம் மேனேஜர்’ (செல்களுக்கு வைத்த பெயர்களின் பட்டியல்) உள்ளே பழைய கோப்பைச் சுட்டும் பெயர் ஏதேனும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடும்.