குளிர்ல பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

குளிர்காலத்துல காலைல பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா முக்காவாசி பேர் பண்றது ஒண்ணுதான், சாவியை திருப்பி பிடிச்சுக்கிட்டு பேட்டரி முனகி அடங்கற வரைக்கும் செல்ஃப் அடிக்கிறது. அப்புறம் பக்கத்துல நிக்கிற யாராச்சும் "ஹீட்டர் பிளக் போயிருக்கும்"னு சொல்வாங்க, உடனே சிலிண்டரை முன்கூட்டியே சூடு பண்ற அந்த பிளக் எல்லாத்தையும் வாங்கி மாத்துவாங்க, மறுநாள் காலைல பாத்தா மறுபடி அதே கதை. நான் சொல்றது கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, டீசலை சிலிண்டருக்கு தள்ள மெக்கானிக்கல் பம்ப் வெச்ச வண்டிகளை பத்தி. அதுல ஸ்பேனரை கையில எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை கவனிங்க, செல்ஃப் எஞ்சினை எவ்ளோ வேகமா சுத்துது, சுத்தும்போது சைலன்சர்ல புகை வருதா. இந்த ரெண்டையும் பாக்காம சாமான் மாத்த ஆரம்பிக்கிறதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு.

ஏன்னா டீசல்ல ஸ்பார்க் கிடையாது. காத்தை இருபது மடங்கு வரைக்கும் அழுத்தி அந்த சூட்டுலதான் டீசல் தானா பத்திக்கணும், அதுக்கு சுமாரா 210 டிகிரி வேணும். குளிர்ல உள்ள வர்ற காத்தும் ஜில்லுன்னு இருக்கு, சுத்தி இருக்கற இரும்பும் ஜில்லுன்னு இருக்கு, பிஸ்டன் மெதுவா மேல வந்தா அழுத்தின காத்து ரிங் வழியா நழுவவும் சூடு இரும்புக்குள்ள இறங்கவும் நிறைய நேரம் கிடைச்சிடுது. அதனாலதான் சுத்தற வேகம் இவ்ளோ முக்கியம்.

சரி, புகைக்கு வருவோம். செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா புகையே இல்லைன்னா சிலிண்டருக்கு டீசல் போகலைன்னு அர்த்தம். அங்க ஹீட்டர் பிளக்கை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நல்லா சுத்துது, வெள்ளையாவோ சாம்பல் கலர்லயோ புகை கொட்டுதுன்னா டீசல் போகுது ஆனா பத்திக்கல, அப்போதான் ஹீட்டர் பிளக், டைமிங் (டீசல் பீச்சற நேரம்), கம்ப்ரெஷன் (காத்தை அழுத்தற பலம்) எல்லாம் சந்தேக லிஸ்ட்ல வரும். மெதுவா சுத்துதுன்னா முதல்ல கரண்ட் பக்கம் பாத்து அதை சரி பண்ணிட்டு மத்ததுக்கு வாங்க.

கரண்ட் பக்கம் நடக்கற வழக்கமான தப்பு, "ஹெட்லைட் எரியுது, ஹார்ன் அடிக்குது, பேட்டரி நல்லாதான் இருக்கு"ன்னு முடிவு பண்றது. ஹெட்லைட்டுக்கு பத்து ஆம்பியர் பக்கம் போதும், டீசல் செல்ஃப் குளிர்ல நூத்துக்கணக்குல இழுக்கும். ராத்திரி முழுக்க சும்மா நின்ன பேட்டரில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், 12.2 காட்டினா பாதிதான் சார்ஜ் இருக்கு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி கம்பத்துல மீட்டர் வெச்சு பாருங்க, 9.6க்கு கீழ போச்சுன்னா பேட்டரி தாங்கலைன்னு அர்த்தம். மைனஸ் 18 டிகிரில நல்ல பேட்டரியே கிட்டத்தட்ட பாதி தெம்புதான் குடுக்கும், அதே நேரத்துல ஆயில் கெட்டியாகி எஞ்சின் ரெண்டு மடங்கு தெம்பு கேக்கும். பேட்டரி மாத்தியும் மெதுவா சுத்துதுன்னா எஞ்சினுக்கும் பாடிக்கும் போற எர்த் ஒயரை பாருங்க, பழைய வண்டில இது உள்ளுக்குள்ளயே பச்சை பூத்து கிடக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல மீட்டர் வெச்சா அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது. அஞ்சு நிமிஷ வேலை, ஆனா யாரும் பண்றதில்ல, நேரா புது பேட்டரிதான் வாங்கறாங்க.

ஆயிலும் அப்படித்தான். கடுங்குளிர்ல 20டபிள்யூ-50 ஊத்தி வெச்சுட்டு செல்ஃபை குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குறைய குறைய குளிர்ல லேசா சுத்தும், மேனுவல்ல உங்க குளிருக்கு எது சொல்லியிருக்கோ அதை போடுங்க.

அப்புறம் இந்த நிறுத்தாம செல்ஃப் அடிக்கிற பழக்கம். ஒரு தடவை பத்து செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு நிமிஷமாவது விடுங்க, செல்ஃப் மோட்டார் சூடு இறங்கணும், பேட்டரியும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும். பத்திக்காத டீசல் ஒவ்வொரு சுத்துக்கும் உள்ள போய் சிலிண்டர் சுவர்ல இருக்கற ஆயில் படலத்தை கழுவிட்டு போயிடும், அதனால கம்ப்ரெஷன் இன்னும் குறையும், அதாவது அடிக்க அடிக்க ஸ்டார்ட் ஆகற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். கூடவே ஆக்சிலரேட்டரை தொப்பு தொப்புன்னு மிதிக்கிறவங்களும் இருக்காங்க, அது கார்புரேட்டர் வெச்ச பெட்ரோல் வண்டி பழக்கம், டீசல்ல மிதிச்சா தனியா எதுவும் பீச்சாது. சில பம்ப்ல குளிருக்கு பெடலை முழுசா அமுக்கி பிடிக்கணும், சிலதுல டேஷ்போர்டுல கோல்டு ஸ்டார்ட் குமிழ் ஒண்ணு இருக்கும், அதை இழுத்தா பம்ப் டைமிங் கொஞ்சம் முன்னாடி போகும். அந்த கேபிள் அறுந்து வருஷக்கணக்கா அப்படியே கிடக்கற வண்டிங்க நிறைய.

இப்போ ஹீட்டர் பிளக். டேஷ்போர்டுல சுருள் லைட் எரிஞ்சு அணைஞ்சா பிளக் வேலை செய்யுதுன்னு நினைக்கிறது ரொம்ப பேர் பண்ற தப்பு. நிறைய பழைய வண்டில அந்த லைட் வெறும் டைமர்தான், நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அழகா எரிஞ்சு அணையும். முதல்ல பிளக்குக்கு மேல போற பட்டைல கரண்ட் வருதான்னு டெஸ்ட் லைட் வெச்சு பாருங்க, வரலைன்னா ரிலேவோ பெரிய ஃபியூஸோ போயிருக்கும், பிளக்கை தொடவே வேண்டாம். கரண்ட் வந்தா பட்டையை கழட்டிட்டு ஒவ்வொரு பிளக்கா ஓம்ஸ் பாருங்க, நல்ல பிளக் ஒண்ணு ரெண்டு ஓம்ஸ்க்குள்ளதான் இருக்கும், ஓப்பன் காட்டினா செத்துப்போச்சு. கிளாம்ப் மீட்டர் இருந்தா இன்னும் நல்லது, ஆரம்பத்துல ஒரு பிளக் பத்துலேர்ந்து இருபது ஆம்பியர் இழுத்துட்டு சூடாக ஆக குறையும். ரொம்ப பழைய வண்டிங்க சிலதுல பிளக் எல்லாம் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா வரிசையா கனெக்‌ஷன் ஆகியிருக்கும், ஒண்ணு போனா எல்லாமே அவுட். அந்த பிளக் ஒவ்வொண்ணும் கம்மி வோல்ட்டுக்கு செஞ்சது, டெஸ்ட் பண்றேன்னு நேரா 12 வோல்ட் குடுத்தா அங்கயே எரிஞ்சிடும். பிளக் மேல என்ன வோல்ட்னு போட்டிருக்கும், படிச்சுட்டு குடுங்க.

கழட்டறதுன்னு முடிவு பண்ணா ஜில்லுன்னு இருக்கற எஞ்சின்ல பலம் போட்டு திருகாதீங்க. கார்பன் பிடிச்ச பிளக் நடுவுல முறிஞ்சா ஹெட்டை இறக்கற அளவுக்கு போயிடும். துரு இளக்கற ஆயிலை முந்தின நாளே விட்டு ஊற வெச்சு, எஞ்சின் சூடா இருக்கும்போது கொஞ்சம் இளக்கி கொஞ்சம் திரும்ப டைட் பண்ணி, அப்படி மெதுவா வெளிய கொண்டு வரணும். இன்னொண்ணு, ப்ரீ சேம்பர், அதாவது டீசல் முதல்ல பத்திக்கற சின்ன அறை வெச்ச எஞ்சினுக்கு லேசான குளிர்லயே ஹீட்டர் பிளக் இல்லாம முடியாது, நேரா சிலிண்டருக்குள்ளயே டீசல் பீச்சற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஜீரோ டிகிரி பக்கத்துல கூட பிளக் இல்லாம கிளம்பிடும். அதனால உங்களுது டைரக்ட் இன்ஜெக்‌ஷனா இருந்து பத்து டிகிரிலயே அடம் பிடிச்சா பிளக் மேல பழி போடாதீங்க, வேற எதோ இருக்கு.

அடுத்தது ஈத்தர் ஸ்பிரே, அதாவது எஞ்சினுக்கு காத்து போற வழில அடிக்கற, சட்டுன்னு தீப்பிடிக்கற ஸ்பிரே. இதை பத்தி எவ்ளோ சொன்னாலும் சிலர் விடமாட்டாங்க, ஏன்னா அடிச்சதும் டப்புன்னு ஸ்டார்ட் ஆகுது, கண்ணு முன்னாடி மேஜிக் மாதிரி இருக்கு. ஈத்தர் சுமாரா 160 டிகிரிலயே பத்திக்கும், ஹீட்டர் பிளக் முனை 800 டிகிரிக்கு மேல தகதகன்னு இருக்கும். பிஸ்டன் மேல வந்து முடிக்கறதுக்கு முன்னாடியே வெடிச்சா அந்த அடி மொத்தமும் பிஸ்டன் மேலதான் விழும், ரிங் உக்காந்திருக்கற இடம் உடையும், கனெக்டிங் ராட் வளையும். காத்து உள்ள போற வழில (இன்டேக்) ஹீட்டர் இருக்கற வண்டின்னா ஏர் ஃபில்டர் பக்கமே தீப்பிடிச்சுக்கும். ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ இருக்கற வண்டிக்கு ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அவ்ளோதான்.

புகையே வராத கேஸ்ல குளிரோட நேரடி வேலை டீசல் உறையறது. டீசல்ல மெழுகு இருக்கு, குளிர குளிர அது முதல்ல பனிமூட்டம் மாதிரி கலங்கும், அப்புறம் சின்ன சின்ன படிகமாகி ஃபில்டரை அடைச்சிடும். வெயில் காலத்துல ரொப்பின டீசல் டேங்க்ல கிடந்தா ஜீரோ டிகிரிக்கு கொஞ்சம் கீழ போனாலே இது நடக்கலாம், குளிர்கால டீசல்னா மைனஸ் 20 கூட தாங்கும். அடைச்ச பிறகு டீசல் உறையாம இருக்க கலக்கற அடிட்டிவ் ஊத்தறது பிரயோஜனம் இல்லாத வேலை, சாதாரண அடிட்டிவ் மெழுகு கட்டறதுக்கு முன்னாடி கலந்தாதான் வேலை செய்யும், கட்டினதை கரைக்காது. வண்டியை சூடான இடத்துக்கு தள்ளிட்டு போங்க, புது ஃபில்டர் போடுங்க. பெட்ரோல் கலக்கற பழைய வைத்தியம் வேண்டாம், பம்ப்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் அதை கெடுக்கும், அதுக்கும் மேல டேங்க்ல இருக்கற ஆவி தீப்பிடிக்கற ஆவியா மாறிடும். டேங்க்குக்கு கீழயும் எஞ்சின் அடில ஆயில் தேங்கற சம்ப்புக்கு கீழயும் நெருப்பு மூட்டறவங்களுக்கு நான் என்ன சொல்ல. ஃபில்டர் அடில தேங்கின தண்ணி உறைஞ்சும் அடைக்கும், குளிர் வர்றதுக்கு முன்னாடியே அதை வடிச்சு விடுங்க.

ஆனா பழைய வண்டில இதை விட அதிகமா நடக்கறது ஏர் புகுறது, இதைத்தான் நிறைய பேர் குளிரோட பிரச்சனைன்னு தப்பா நினைக்கிறாங்க. டீசல் பீச்சற நாசில் மேல போற, மிச்ச டீசலை திருப்பி அனுப்பற ரிட்டர்ன் டியூப், ஃபில்டர் சீல், கை பம்ப், பம்ப் சீல், எல்லாம் ரப்பர், வயசாகி கெட்டியாகி குளிர்ல இன்னும் சுருங்கும். டீசல் வெளிய சொட்டவே சொட்டாது, காத்து மட்டும் உள்ள போகும், ராத்திரி முழுக்க லைன்ல இருக்கற டீசல் டேங்க்குக்கே திரும்பிடும். கண்டுபிடிக்க சுலபமான வழி, வெயில் அடிக்கற நாள்ல எட்டு மணி நேரம் சும்மா நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணி பாருங்க, அப்பவும் ரொம்ப நேரம் சுத்தினா இது குளிர் இல்ல, ஏர்தான். பம்ப்புக்கு போற லைன்ல கண்ணாடி மாதிரி தெரியற டியூப் ஒரு துண்டு போட்டா குமிழி ஓடறது தெரியும். நாசில் நட்டை இளக்கி ஏர் எடுக்கும்போது கையை பக்கத்துல கொண்டு போகாதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே இறங்கிடும், அப்படி ஆச்சுன்னா வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும். ஏர் இல்ல, ஃபில்டரும் சுத்தம், ஆனாலும் புகை இல்லைன்னா சாவி போடும்போது பம்ப்ல இருக்கற ஸ்டாப் சொலினாய்டு டிக்குன்னு சத்தம் குடுக்குதான்னு கேளுங்க. அதுக்கு கரண்ட் வரலைன்னா டீசல் வழி திறக்காது, ஒரு ஒயர் கழண்டதுக்கு பம்ப்பையே இறக்கின கதையெல்லாம் உண்டு.

அவசரத்துல பண்ற தப்பும் சிலது இருக்கு. லாரி பேட்டரிலேர்ந்து 24 வோல்ட் குடுத்து 12 வோல்ட் வண்டியை ஸ்டார்ட் பண்றது, அதுல ஹீட்டர் பிளக் முனை வீங்கி உடைஞ்சு உள்ள விழும். ஒல்லியான ஜம்பர் கேபிளை மாட்டின உடனே செல்ஃப் அடிக்கறது, தடிமனான கேபிளா போட்டு கரண்ட் குடுக்கற வண்டியை அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டுட்டு அப்புறம் அடிங்க. முழுசா டவுனான பேட்டரி மைனஸ் 10க்கு முன்னாடியே உறைஞ்சிடும், வயிறு உப்பினா மாதிரி இருந்தா ஜம்ப்பும் வேண்டாம் சார்ஜும் வேண்டாம், வெடிக்கும். உறைஞ்சு கிடக்கற டீசல் எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்றதும் டைமிங் பெல்ட் வெச்ச வண்டில ஆபத்து, பெல்ட் பல்லு தாண்டினா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்து, வேகமா சுத்தி, வெள்ளை புகை கொட்டி, அப்பவும் பத்திக்கலைன்னா பம்ப் டைமிங் பாத்துட்டு கம்ப்ரெஷன் டெஸ்ட்தான். பெட்ரோல் வண்டி கேஜை மாட்டாதீங்க, டீசல்ல 30 பார் கிட்ட வரும், அந்த கேஜ் தாங்காது. 20க்கு கீழ இருந்தாலோ சிலிண்டருக்கு சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தாலோ ரிங், வால்வு வேலை காத்திருக்கு. அதுவரைக்கும் வண்டி ஓட்டியே ஆகணும்னா எஞ்சின் பிளாக்கை கரண்ட்ல சூடு பண்ற பிளாக் ஹீட்டர் போட்டு கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி ஆன் பண்ணுங்க, ராத்திரி முழுக்க போட்டு வைக்க வேண்டிய அவசியம் இல்ல.