சின்ன பைக்ல 3 மணிநேர என்ட்யூரன்ஸ்: மலையகத்துல முதல் தடவை டீம் கட்டுறவங்களுக்கு

போன மாசம் நம்ம தோட்டத்துத் தம்பிமார் மூணு பேர் வந்து, "அண்ணே, பழைய பஜாஜ் சிடி 100 ஒண்ணு சும்மா கிடக்கு, என்ட்யூரன்ஸ் ஓட ஆசையா இருக்கு, எதுல தொடங்குறது?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து இங்க எழுதுறேன்.

முதல்ல இது என்ன ரேஸ்னு மனசுல பதிச்சிக்கணும். ஒரு லேப்பை யாரு வேகமா சுத்துறாங்கன்றது இல்ல, ஒரே பைக்கை ஆள் மாத்தி ஆள் ஓட்டி, குடுத்த நேரத்துக்குள்ள யாரு கூட லேப் போடுறாங்கன்றதுதான் கணக்கு. 1978-ல ஜப்பான்ல சுசுக்கா 8 மணிநேர ரேஸ் முதல் தடவை நடந்தப்போ ஹோண்டாவோட சொந்த டீமே இறங்கியிருந்தும், ஜெயிச்சது யோஷிமுராங்கற ஒரு சின்ன பட்டறை டீம், சுசுக்கி பைக்ல. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் புல்லரிக்கும்.

ஸ்டெப் 1, ஆள் சேர்க்கிறது. ஓட்ட 3 பேர், ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர், அப்புறம் கொப்பியும் ஸ்டாப்வாட்சும் வச்சிக்கிட்டு உட்கார ஒருத்தர். இந்தக் கடைசி ஆளைத்தான் புது டீம்கள் மறந்துடுறாங்க, ஆனா ரேஸை நடத்துறதே அவங்கதான். எங்க டீம்ல ஒரு அக்கா இருக்காங்க, கொழுந்து நிறுக்கிற இடத்துல கணக்கு எழுதுற மாதிரியே ஒவ்வொரு லேப்பையும் எழுதுவாங்க, அதனால அவங்களை நாங்க கணக்கப்பிள்ளைன்னே கூப்பிடுறோம். அவங்க ஒருநாள் போட்டுக் காட்டின கணக்கு இது: லேப் 1 நிமிஷம் 50 செக்கன்னா 3 மணிநேரத்துல 98 லேப் வரும். ஒரு தடவை விழுந்து, லீவரை நிமித்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ண 4 நிமிஷம் போச்சுன்னு வைங்க. அதைப் பிடிக்க லேப்புக்கு 2 செக்கன் வேகமா போனாலும் 120 லேப் வேணும், ரேஸ்லயே அத்தனை லேப் கிடையாது! இதைக் கேட்ட பிறகு எங்க பையன்கள் யாரும் வளைவுல அவசரப்படுறதில்ல.

ஸ்டெப் 2, பைக். இஞ்சினை வேகமாக்கப் போகாதீங்க, அது தாங்குற மாதிரி செஞ்சா போதும். ஹெட்லைட் கண்ணாடி, சைட் கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் கழட்டிடுங்க. புது ஆயில், புது பிரேக் ஷூ, செயின் தளர்வு 25 மில்லிமீற்றர் அளவுல. ரொம்ப இறுக்கினா சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுத்து அறுந்துடும். அடுத்தது கியூடெக்ஸ் வேலை. அக்கா தங்கச்சிகிட்ட சிவப்பு கியூடெக்ஸ் ஒரு போத்தல் வாங்கி, இறுக்கின ஒவ்வொரு நட்டுக்கும் மேல தொடங்கி பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே கோடா இழுத்து விடுங்க. ரேஸ் நடுவுல பைக் உள்ள வரும்போது கோடு விலகியிருந்தா அந்த நட்டு கழண்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஸ்பேனர் போட்டுப் பார்க்கவே தேவையில்ல, கண்ணால பார்த்தாலே தெரியும்.

கிளட்ச் கேபிளைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். எங்க முதல் ரேஸ்ல ரெண்டாவது மணிநேரத்துல அது அறுந்துச்சு, டேங்கைக் கழட்டி, புதுசை உள்ள விட்டு, மாட்டி முடிக்க 11 நிமிஷம் போச்சு, அன்னைக்கு நான் அழாத குறைதான். அதுல இருந்து ஒரு ஸ்பேர் கேபிளை ஓடுற கேபிளோட ஒட்டியே முன்கூட்டி இழுத்து, ரெண்டு முனையையும் டேப் போட்டுக் கட்டி வச்சிடுறோம். அறுந்தா முனையை மட்டும் மாத்திக் கொளுவினா சரி.

ஸ்டெப் 3, காபரேட்டர். கொழும்புல ஓடுன பைக்கை அப்படியே மேல கொண்டு வந்தா இழுக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 20 வீதம் குறைவு, அதனால அதே ஜெட்ல (காபரேட்டருக்குள்ள பெட்ரோலை அளந்து விடுற சின்ன ஓட்டை உள்ள துண்டு) பெட்ரோல் கூடிப்போகும். ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் போட்டு, நல்லா முறுக்கி ஓட்டி, பிளக்கைக் கழட்டிப் பாருங்க. கரி பிடிச்சு கறுப்பா இருந்தா இன்னும் பெட்ரோல் அதிகம், பிளேன்டீ காய்ஞ்ச மாதிரி மண்ணிறமா இருந்தா சரி, வெள்ளையா வெளுத்திருந்தா இஞ்சின் சூடாகி பிஸ்டன் பிடிச்சிடும், உடனே பழைய ஜெட்டுக்குப் போயிடுங்க.

ஸ்டெப் 4, இடமும் மாசமும். பொது ரோட்டுல பயிற்சி வேணவே வேணாம். அனுமதி வாங்கின கிரவுண்ட், அம்புலன்ஸ், கொடி பிடிக்கிற ஆள், இதெல்லாம் இருக்கிற ரேஸுக்கு மட்டும் பேர் குடுங்க. பார்க்க வர்ற உங்க வீட்டு ஆளுங்க எங்க நிக்கப்போறாங்கன்னும் நீங்களே போய்ப் பாருங்க. 2024 ஏப்ரல் 21-ல தியத்தலாவையில கார் ஒண்ணு டிராக்கை விட்டுப் பாய்ஞ்சு 7 பேர் செத்தாங்க, அதுல ஒரு பிள்ளையும் இருந்துச்சு. அதை யாரும் மறக்கக் கூடாது. மாசம்னு பார்த்தா ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்லது, மே மாசத்துக்குப் பிறகு தென்மேல் மழை விடாது. அந்த நேரம் பதுளை, பண்டாரவளை பக்கம் காய்ஞ்சு கிடக்கும், ஆனா காத்து தள்ளும்.

ஸ்டெப் 5, ரேஸுக்கு முதல் நாள் சனிக்கிழமை. பயிற்சியில பெட்ரோல் அளந்தே ஆகணும். டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, ரேஸ் வேகத்துல 30 நிமிஷம் ஓட்டி, திரும்ப 1 லீட்டர் போத்தலால ஊத்தி எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க, ஆறால பெருக்கினா 3 மணிநேரக் கணக்கு வந்துடும். 2022-ல பெட்ரோல் தட்டுப்பாட்டுல பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்னு இருந்தப்போ நாங்க பயிற்சியே இல்லாம கிடந்தோம், அதனால ஒரு சொட்டுக்கும் மதிப்பு தெரியும். அப்புறம் ஆள் மாத்துறதை நிறுத்தி வச்ச பைக்ல 20 தடவையாவது செஞ்சு பாருங்க.

ஸ்டெப் 6, ரேஸ் நாள் ஞாயித்துக்கிழமை. ஆளுக்கு 30 நிமிஷமா மாறி மாறி, ஆளுக்கு ரெண்டு தடவை. ஒரு மணிநேரம் ஒரே ஆள் தாங்குவாருன்னு நினைக்காதீங்க, நம்ம பக்கத்துக் குளிர்ல 40 நிமிஷத்துல விரல் விறைச்சு பிரேக் எவ்வளவு பிடிக்கிறோம்னே தெரியாமப் போகும். கிளவுஸுக்கு உள்ள மெல்லிய ரப்பர் கிளவுஸ் ஒண்ணு போடுங்க. ஹெல்மெட் கண்ணாடியில உள்பக்கம் பாத்திரம் கழுவுற சோப் ஒரு சொட்டு தடவி, காய்ஞ்ச துணியால துடைச்சிட்டா மூடுபனியிலயும் புகை பிடிக்காது. பெட்ரோல் ஊத்தும்போது இஞ்சின் ஓஃப், ஆள் இறங்கியிருக்கணும், பக்கத்துல பவுடர் தீயணைப்பானோட ஒருத்தர், இதுல எந்த அவசரமும் கிடையாது. இறங்கினவருக்கு இஞ்சி பிளேன்டீ, ரொட்டி, கட்ட சம்பல், முதுகுல ஒரு படங்கு. அவர் சொல்றதைக் கணக்கப்பிள்ளை கொப்பியில எழுதணும்: "மூணாவது வளைவுல சேறு", "பின் பிரேக் கீழ போகுது".

ஸ்டெப் 7, லொறியில ஏத்துறதுக்கு முன்ன. இஞ்சின் சூடு ஆறும் முன்ன ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியா வடிச்சிடுங்க. துணியில மினுமினுன்னு இரும்புத் தூள் நின்னா அடுத்த ரேஸுக்கு முன்ன இஞ்சினைத் திறக்கணும், ஒண்ணுமில்லன்னா அதையும் தேதியோட கொப்பியில எழுதி வைங்க.