மலையகத்துக்கு வேலைக்கு வருகிறீர்களா? 45 வயதானால் குடலையும் பார்த்துவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வருகிறவர்களுக்குக் காகித வேலை பெரிய தலைவலி இல்லை. வதிவிட விசா பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்தில். கம்பெனி ஆளே கூட வருவார். கம்பளி உடுப்பு கூடுதலாக எடுத்து வாருங்கள். ஆத்திர அவசரத்துக்கு 1990 அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தனியாரில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முன்கூட்டியே சனல் பண்ணிவிடுங்கள் (அப்பாயின்ட்மென்ட் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்).

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்க வந்த அண்ணன் ஒருவர், தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தார். ரிப்போர்ட்டில் கேன்சர் மார்க்கர் என்று ஒரு வரி: சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, நார்மல். இங்கே திரும்பிய பிறகு மலத்தில் ரத்தம் பட்டது. மூலம்தான் என்று மாதக்கணக்கில் களிம்பு போட்டார். டாக்டரிடம் போகச் சொன்னால், “கேன்சர் இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்களே தம்பி” என்பார். கடைசியில் கண்டியில் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்தபோது பெருங்குடலில் புற்று. 49 வயது. ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது.

அந்த வரியை விற்ற லேபை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆரம்பநிலைப் புற்று இருக்கும்போதே சி.இ.ஏ. நார்மலாக வரலாம், புற்றே இல்லாத புகைபிடிப்பவருக்கு ஏறியும் காட்டலாம். சிகிச்சை எடுத்தவர்களைக் கண்காணிக்கத்தான் அது உதவும். நோயே இல்லாதவருக்குச் சலித்துப் பார்க்கும் சோதனையாக அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

கேட்க வேண்டியது இரண்டில் ஒன்று. கொலனோஸ்கோபி செய்து சுத்தமாக இருந்தால் அடுத்தது 10 வருடம் கழித்து. இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் ஃபிட் என்ற மலப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை. அதில் ரத்தம் காட்டினால் கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லாத சாதாரண ஆளுக்கு அமெரிக்க நிபுணர் குழு 2021இல் தொடக்க வயதை 50லிருந்து 45க்கு இறக்கியது. இளவயதிலேயே நோய் கூடிவந்ததுதான் காரணம். குடலில் வளரும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடம் போலப் பிடிக்கும். கொலனோஸ்கோபியில் அதைக் கண்ட கையோடு வெட்டி எடுத்துவிடலாம்.

இங்கிலாந்தில் 50 ஆனதும் அரசே மலப் பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கு அனுப்புகிறது. இங்கே அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். நம்மூரிலும் 30 வயதுக்கு மேல் அரசு தேடிப் பார்ப்பது வாய், மார்பு, கருப்பைவாய் மூன்றைத்தான். ஆகவே நீங்களே டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, ரத்தசோகை, மாறிப்போன மலப்போக்கு இருந்தால் 45 கணக்கெல்லாம் கிடையாது. 30 வயதானாலும் உடனே காட்டுங்கள்.

கண்டியில் தேதி கிடைத்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். பேதி மருந்தின் இரண்டாம் பாதியை அன்று விடியலில் குடிக்கச் சொல்வார்கள். அதைக் குடித்துவிட்டு அட்டனிலிருந்து வளைவு வளைவாக பஸ்ஸில் இறங்குவது நடக்காத காரியம். முந்தின நாள் முழுக்கத் தெளிந்த நீராகாரம்தான். பால் கூடாது, சிவப்பு நிறப் பானமும் கூடாது. பில்டர் காபிக்கு ஏங்குகிறவர்கள் அன்றைக்கு மலையகத்துப் பிளேன் டீயின் அருமையைக் கண்டுகொள்வார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சனல் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால் 45 வரை காத்திருக்காதீர்கள். 40 வயது, அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 வருடம் முன்பு, இதில் எது முந்தியோ அதில் தொடங்க வேண்டும். அண்ணனின் தம்பி திருநெல்வேலியில் இருக்கிறார், 41 வயது. அவருடைய கணக்குப்படி 39லேயே பார்த்திருக்க வேண்டும். இந்த மாதமே போகச் சொல்லி, அண்ணனின் ரிப்போர்ட்டையும் அனுப்பிவைத்திருக்கிறோம்.