சூப்பர் வேகத்தை வரைவது: கோடு இழுக்க முன்னும் பின்னும்

காமிக்ஸ் பக்கம் ஒன்றில் வேக வீரன் ஒருவனை யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் ஓட விடுகிறீர்கள். ஆளை நன்றாக வரைந்தாயிற்று, முதுகுக்குப் பின்னால் நாற்பது கோடும் இழுத்தாயிற்று. ஆனால் அவன் ஓடுகிற மாதிரித் தெரியவில்லை. கோடுகளுக்கு முன்னால் நின்று போஸ் கொடுக்கிறான். அசையாத கடதாசியில் வேகம் தெரிவதற்கு ஒப்பிட ஏதாவது வேண்டும். பாலத்தில் இரு பக்கமும் தண்ணீர், மேலே வானம், எல்லாம் கிடைக்கோடு. அவனும் அதே திசையில்தான் போகிறான். அதே ஆளை ஓர் ஒழுங்கைக்குள் ஓட விட்டுப் பாருங்கள். கிடுகு வேலி, படலை, லைற் போஸ்ட், சைக்கிளில் போகிறவர் என்று நிமிர்ந்து நிற்கிற ஒவ்வொன்றும் அவன் வேகத்தை அளந்து சொல்லும். பாலம்தான் வேண்டும் என்றால் கரையோரம் நாலு மின்கம்பமாவது நட்டுவிடுங்கள். முன்னதற்கும் அடுத்ததற்கும் இடைவெளி, தூரம் போகப் போகக் குறுக வேண்டும்.

யார் பார்க்கிறார்?

பென்சிலைத் தொட முன்னரே முடிவெடுக்க வேண்டியது இது. தெருவில் நிற்கிறவர் பார்க்கிறார் என்றால் வீடு, வேலி, மரம் எல்லாம் கூர்மையாக இருக்கும், வீரன் மட்டும் இழுபடுவான். வாசகர் வீரனுக்குப் பக்கத்தில் அதே வேகத்தில் போகிறார் என்றால் வீரன் கூர்மை, பின்னணி முழுக்கக் கோடாகும். மூன்றாவது, வீரனுடைய கண். அவனுக்கு உலகமே உறைந்து நிற்கும், ஒரு கோடும் தேவையில்லை.

ஒரு கட்டத்துக்கு, அதாவது பக்கத்திலுள்ள ஒரு படச் சட்டத்துக்கு, ஒரு கண்தான். வீரனையும் இழுத்து, பின்னணியையும் இழுத்தால் கமெரா ஆடிப்போன போட்டோ மாதிரி வரும். புதிதாக வரைகிறவர்களின் பக்கங்களில் அதிகம் காண்கிற பிழை இதுதான். எவ்வளவு நல்ல மை வேலையும் அதைக் காப்பாற்றாது.

உடல்

முதலில் தலையிலிருந்து பின்காலின் நுனி வரை ஒரே வளைகோடு. மற்றதெல்லாம் அதன் மேல்தான். நிமிர்ந்து நிற்கிறவனுக்கு அது செங்குத்து. சாதாரணமாக ஓடுகிறவனுக்கு 10 முதல் 15 பாகை முன்னுக்குச் சாய்க்கலாம். சூப்பர் வேகத்துக்கு 40 பாகைக்கு மேல் போங்கள். அந்தச் சாய்வில் மனிதன் முகங்குப்புற விழுவான். விழவேண்டியவன் விழாமல் இருப்பதைக் கண்டதும் வாசகரின் மூளை வேகம் என்று எடுத்துக்கொள்ளும்.

இடது கால் முன்னே போனால் வலது கை முன்னே வரவேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பின்னங்கால் மறைந்திருக்கிற கோணங்களில் பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பாதமும் நிலத்தைத் தொடாத கணத்தையே தெரிவு செய்யுங்கள். நிழலைப் பாதத்தோடு ஒட்டாமல், ஒரு பாத நீளமாவது கீழே தள்ளிப் போடுங்கள். ஒட்டிய நிழல் ஆளை நிலத்தில் ஆணியடித்துவிடும்.

மாதிரிக்குப் போனின் ஸ்லோமோஷன் போதும். நண்பர் ஒருவரை ஓடவிட்டுப் பக்கவாட்டில் நின்று நொடிக்கு 240 பிரேமில் எடுங்கள். ஓட்டத்தின் ஒரு முழுச் சுற்று, அதாவது இரண்டு காலாலும் ஒவ்வோர் எட்டு வைப்பது, ஏறத்தாழ 0.7 நொடி. அதில் 160 பிரேமுக்கு மேல் கிடைக்கும். இருபதுக்கு ஒன்று எடுத்தால் எட்டு நிலைகள் கையில். எட்டையும் சின்னதாக, கறுப்பு நிரப்பிய நிழலுருவாக வரையுங்கள். கை கால் எங்கே இருக்கிறது என்று நிழலுருவிலேயே தெரியாதது உள்ளே எவ்வளவு விபரம் போட்டாலும் தெரியாது. வண்டி வேகத்துக்கு மாட்டுவண்டிச் சவாரி நல்ல பள்ளிக்கூடம். மாட்டின் கழுத்து நீள்வது, சாரதி பின்னுக்குச் சாய்வது, புழுதி எந்த உயரத்தில் விரிகிறது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சுழல்கிற சில்லுக்கு ஆரக்கால் வரைய வேண்டாம். சில்லின் நடுக் குடத்தைச் சுற்றி அறுந்த வளைகோடுகள் ஐந்தாறு போதும்.

வாசகரை நோக்கி ஓடி வருகிற ஆளுக்கு நீளத்தை நம்பாதீர்கள், ஒன்றை ஒன்று மறைப்பதை நம்புங்கள். முஷ்டி முன்கையை மறைக்கும், முன்கை தோளை மறைக்கும். முஷ்டியைத் தலையின் ஒன்றரை மடங்காவது பெரிதாக்குங்கள். கூச்சப்பட்டுத் தலையளவில் நிறுத்தினால் கை குட்டையான ஆள் மாதிரி இருக்கும்.

வேகக் கோடு

ஏ3 அளவுத் தடித்த வழுவழுப்புத் தாள், 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், 0.2, 0.3, 0.5 மில்லிமீற்றர் பேனைகள், ஒரு குண்டூசி, அழிறப்பர். நிப் பேனை பழகியிருந்தால் இன்னும் நல்லது, ஒரே கோட்டில் தடிப்பும் மெலிவும் அதில்தான் தானாக வரும். முதலில் ஓட்டப் பாதையைப் பென்சிலால் போடுங்கள். நேராக ஓடினால் நேர்கோடு, ஒழுங்கை முடக்கில் திரும்பினால் வளைகோடு. முடக்கில் திரும்புகிறவனுக்கு நேர்கோடு இழுத்தால் அவன் மதிலை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி ஆகும்.

பேனையை வீரனின் பின்விளிம்பில் அழுத்தித் தொடங்கி, வால் பக்கம் போகப் போக வேகத்தைக் கூட்டி, கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே தாளிலிருந்து தூக்குங்கள். நின்று தூக்கினால் நுனியில் மைப்புள்ளி விழும், கோடு கம்பியாகிவிடும். மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையிலிருந்து இழுங்கள். முதல் பத்தைக் கழிவுத் தாளில் இழுத்துக் கை சூடேறிய பிறகு படத்துக்கு வாருங்கள்.

எத்தனை கோடு? 10 சென்ரிமீற்றர் உயரக் கட்டத்துக்கு 25 முதல் 40. அதைச் சமமான இடைவெளியில் பரப்பினால் தகரக் கூரை வந்துவிடும். ஐந்தாறு கொத்தாகப் பிரியுங்கள். ஒரு கொத்தில் மூன்று, அடுத்ததில் ஒன்பது. கொத்துக்குள் அரை மில்லிமீற்றர் நெருக்கம், கொத்துகளுக்கு நடுவே நல்ல வெள்ளை. தோள், முழங்கை, குதி மாதிரி உடலின் முனைகளிலிருந்தே கொத்துகள் கிளம்ப வேண்டும். முகத்தின் மேல் ஒரு கோடும் வேண்டாம். முன்விளிம்பு சுத்தமாக இருக்கட்டும், அதில் வேண்டுமானால் 0.5 பேனையால் ஒரு தடித்த புறக்கோடு கொடுக்கலாம்.

வாசகரை நோக்கிப் பாய்கிற காட்சிக்குக் குவிகோடு. குவியும் புள்ளியில் குண்டூசியைக் குத்தி, அடிமட்டத்தை ஊசியோடு சாய்த்து வைத்து, கட்டத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுங்கள். நடுவில் ஆளைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிடுங்கள், ஆனால் கோடுகள் நிற்கிற இடம் ஒரே வட்டமாக அமையக்கூடாது. சிலது ஆழமாக உள்ளே போகட்டும், சிலது ஓரத்திலேயே நிற்கட்டும்.

அடிமட்டத்துக்கு அடியில் மை ஊறிப் பரவுவதுதான் எல்லாருக்கும் வருகிற தலையிடி. அடிப்பக்கத்தில் இரு முனையிலும் ஒவ்வொரு நாணயத்தை ரேப்பால் ஒட்டுங்கள், விளிம்பு தாளைத் தொடாது. ஐந்தாறு கோட்டுக்கு ஒரு தடவை விளிம்பைத் துடையுங்கள். மாரி காலத்தில் தாள் ஈரம் பிடித்து மை மயிர் மயிராகப் பரவும், ஆகவே தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்து வரையும் நேரம் மட்டும் எடுங்கள். வெயில் காலத்தில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, நிப்பில் மை காய்ந்து கோடு பாதியில் அறும்.

பின்தொடரும் உருவங்கள்

ஒரே கட்டத்தில் ஒருவனை ஐந்து தடவை காட்டுகிற உத்தியின் வேர் போட்டோவில் இருக்கிறது. 1880களில் பிரான்ஸில் மாரே என்ற உடலியல் அறிஞர் ஓடுகிறவரின் பல கணங்களை ஒரே போட்டோத் தட்டில் பதித்தார். காமிக்ஸில் 1956 இல் ஃபிளாஷ் என்ற வேக வீரனைப் புது உருவில் வரைந்த கார்மைன் இன்ஃபன்ரினோவின் பக்கங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

செய்யும்போது ஒரே நிலையைக் கொப்பி பண்ணி அடுக்காதீர்கள், ஐந்து இரட்டையர் வரிசையில் நிற்பார்கள். மேலே எடுத்த எட்டு நிலைகளில் அடுத்தடுத்த ஐந்தை எடுங்கள். கடைசி ஆளுக்கு 0.2 பேனையில் அறுந்த புறக்கோடு மட்டும். முன்னே வர வர விபரம் கூடட்டும். கறுப்பு நிரப்புவது முதல் ஆளுக்கு மட்டும். இடைவெளி சமமாக இருந்தால் சீரான வேகம். 1, 2, 4 என்று விரிந்தால் வேகம் ஏறுகிறான், மறுபக்கமாகச் சுருங்கினால் பிரேக் பிடிக்கிறான்.

உறைந்த உலகம்

வீரன் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைகிறான். ஆத்துகிற தேத்தண்ணி இரண்டு கோப்பைக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்த்துவிட்டு வரைந்தால் காட்சி பல மடங்கு நம்பும்படியாக வரும். அவன் ஆயிரம் மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு நொடி, உலகத்துக்கு 0.001 நொடி. 30 சென்ரிமீற்றர் விழுந்துவிட்ட தேத்தண்ணியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர். ஆகவே அவனுடைய ஒரு நொடியில் அது 2.4 மில்லிமீற்றர்தான் இறங்கும். வெளியே 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற பஸ் 1.7 சென்ரிமீற்றர் நகரும். கடைக்காரர் போடுகிற சத்தம் 35 சென்ரிமீற்றர் போகும். மூன்றரை மீற்றர் தள்ளி நிற்கிற வீரனின் காதுக்கு வர அவன் கணக்கில் பத்து நொடி.

இதிலிருந்து நேரடியாக மூன்று வேலை. அடுத்தடுத்த கட்டங்களில் தேத்தண்ணித் துளிகளை மயிரிழையளவு இறக்குங்கள். சரியாக அதே இடத்தில் விட்டால் கொப்பி பண்ணியது என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் வாயைத் திறந்திருக்கலாம், பேச்சுக் குமிழ் மட்டும் வேண்டாம். வீரனுக்குக் கோடே போடாதீர்கள், அவன் ஆறுதலாக நடக்கட்டும். உலகம் திரும்பவும் ஓடத் தொடங்கும் கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்துவிடுங்கள். சால்வை, பேப்பர், கிடுகுத் துண்டு எல்லாம் அவன் போன திசையில் இழுபட்டுப் பறக்கும். ஒலியை இத்தனை மடங்கு முந்தினவனால் ஊர்க் கண்ணாடி எல்லாம் நொறுங்கியிருக்க வேண்டுமே என்று கேட்காமல் விடுவது காமிக்ஸ் வாசகரின் பெருந்தன்மை.

அடி, கட்டம், ஓசை

முஷ்டி தாடையைத் தொடுகிற கணத்தை வரைந்தால் அடி விழாது, தடவுகிற மாதிரி இருக்கும். கையை ஓங்கியதையும், கை கடந்து போன பிறகு எதிரியின் தலை திரும்பியதையும் வரையுங்கள். நடுவிலுள்ள அடியை வாசகர் தானே போட்டுக்கொள்வார். புழுதி குதிக்குப் பக்கத்தில் சின்னதாக, அடர்த்தியாக. பின்னே போகப் போகப் பெரிதாக, ஐதாக.

தமிழ் இடமிருந்து வலம் போவதால் வீரனையும் அப்படியே ஓட விடுங்கள். தடுக்க வருகிறவன் வலமிருந்து வரட்டும். ஓட்டத்துக்கு அகலம் உயரத்தின் மூன்று மடங்கான கட்டம் ஒன்று, அதன் கீழே ஒடுங்கிய கட்டங்கள் நாலு என்று வைத்தால் பக்கத்துக்கே மூச்சு வாங்கும். எல்லாக் கட்டத்தையும் சரித்து வைத்தால் எதுவும் சரிவாகத் தெரியாது.

விர்ர்ர், சர்ர்ர், டமார் என்று எழுதும்போது எழுத்தை 15 பாகை சரித்து, ஓடுகிற பக்கம் பெரிதாக்குங்கள். குற்றுகள் கவனம். புழுதிக்கும் தெறிக்கிற கல்லுக்கும் நடுவே அவை தொலைந்தால் விர்ர்ர், விரரர ஆகிவிடும். குற்றை உள்ளே வெள்ளையான வட்டமாகப் போட்டால் தப்பும்.

அச்சுக்குப் போகும்போது

ஏ3 ஐ ஏ4 ஆக்கினால் 71 வீதம், ஏ5 ஆக்கினால் பாதி. 0.2 கோடு 0.1 ஆகும், அதற்கும் மெல்லியது போட்டோக்கொப்பியில் காணாமல் போகும். கணினியில் மங்கல் சேர்க்கிறவர்கள் வீரன் இருக்கிற படலத்தை (லேயரை) இரட்டித்து, அடியிலுள்ளதை மட்டும் ஓடுகிற கோணத்தில் மங்கலாக்குங்கள். முகத்துக்கு முன்னால் பிதுங்குவதை அழித்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையை 600 டிபிஐயில் ஸ்கான் எடுங்கள். ஏ4 ஸ்கானர்தான் இருக்கிறது என்றால் மூன்று பகுதியாக, ஒன்றோடொன்று 3 சென்ரிமீற்றர் மேற்பொருந்த எடுத்து, ஒட்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேகக் கோடுகளுக்கு நடுவே ஒட்டு வந்தால் அரை மில்லிமீற்றர் விலகலும் நாற்பது கோட்டிலும் ஒரே நேரத்தில் முறிவாகத் தெரியும்.