அறுத்த கஞ்சாப் பூவிலிருந்து குக்கி வரை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம். கியூபெக்கில் மட்டும் வீட்டில் வளர்க்கத் தடை. சொந்த உபயோகத்துக்குத் தின்பண்டம் செய்வதும் சட்டப்படி சரியே. பியூட்டேன் போன்ற கரைப்பான்களால் சத்து பிரிப்பது கூடாது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் செடி வளர்ப்பதே குற்றம். ஆகவே கீழே உள்ளது கனடா வீட்டுச் சமையலறைக்கு.

செடியிலிருந்து அறுத்த பூவை அப்படியே மாவில் போட்டால் போதை ஏறாது. பச்சைப் பூவில் இருப்பது டிஎச்சிஏ என்ற அமிலம். சூடு பட்டால்தான் போதை தரும் டிஎச்சியாக மாறும். பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் வேறு. அது நெய்யில் இறங்கினால் புல் வாடை அடிக்கும், சீக்கிரம் கெடும், அளவுக் கணக்கும் உதைக்கும். முதலில் காயட்டும்: இருட்டறை, 18–20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50–60 சதவீதம், ஏழு முதல் பத்து நாள். காம்பை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். 35 கிராம் பச்சைப் பூ சுமார் 7 கிராமாகச் சுருங்கும். தடித்த பூவைப் பிட்டு நடுவே பாருங்கள். சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தால் பூஞ்சை. அதைக் குப்பையில் போடுங்கள். அடுப்புச் சூட்டில் பூஞ்சை செத்தாலும் அதன் நஞ்சு போகாது.

காய்ந்த பூவைக் கையால் உதிர்த்துத் தட்டில் பரப்பி, ஃபாயிலால் மூடி, ஓவனில் 240 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (115 செல்சியஸ்) 40 நிமிடம் வையுங்கள். பச்சை மங்கி லேசாகப் பழுப்பேறினால் போதும். ஓவன் காட்டும் சூட்டை நம்பாதீர்கள். 20 ரூபாய்த் தராசைப் போலத்தான் அது. தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். சூடு ஏறினால் வீரியம் ஆவியாகிவிடும். மிக்ஸியில் பொடிக்கவும் வேண்டாம், தூள் வடிகட்டியைத் தாண்டி இறங்கிக் கசக்கும்.

ஊற வைக்க வெண்ணெயைவிட நெய் நல்லது, அதில் தண்ணீர் இல்லை. 200 கிராம் நெய்யில் 7 கிராம் பூவைப் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, 85–90 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மெல்லிய துணியில் தானாக வடியட்டும். பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும்.

இனி கணக்கு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுப் பூவை யாரும் சோதித்துத் தருவதில்லை, அதனால் அதில் டிஎச்சிஏ 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 கிராமில் 1400 மில்லிகிராம் டிஎச்சிஏ. சூட்டில் மாறும்போது எடை குறைவதால் 0.877ஆல் பெருக்க 1228. அது முழுவதும் நெய்யில் இறங்கியதாகக் கொண்டால் கிராமுக்கு 6 மில்லிகிராம். புதிதாகச் சாப்பிடுபவருக்கு ஒரு தடவைக்கு 2.5 மில்லிகிராம் போதும், 24 குக்கிக்கு 60 மில்லிகிராம், அதாவது வெறும் 10 கிராம் நெய். கனடாக் கடையில் விற்கும் ஒரு முழுப் பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு.

அந்த 10 கிராம் நெய்யை உருக்கி, 105 கிராம் இளகிய வெண்ணெயில் முதலிலேயே நன்றாகக் கலக்குங்கள். கடைசியில் ஊற்றினால் ஒரு குக்கியில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் நாலு பங்கு இருக்கும். பிறகு 100 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, 160 கிராம் மைதா, 20 கிராம் கோகோ, அரை டீஸ்பூன் சோடா, சிட்டிகை உப்பு. தராசில் 18 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, 350 ஃபாரன்ஹீட்டில் 10 நிமிடம். குக்கியின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டாததால் டிஎச்சி பெரிதாகக் குறையாது.

சில ரகங்கள் 25 சதவீதத்தைத் தாண்டும், அதனால் முதல் தடவை பாதிக் குக்கி. ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆகும், உச்சத்துக்கு நாலு மணி வரைகூடப் போகும். "ஒன்றும் ஆகலையே" என்று அடுத்ததை எடுக்கும் கைதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மதுவோடு வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அன்று கார் சாவியையும் தொடாதீர்கள்.

மீதி நெய்யை ஃப்ரீசரில் வையுங்கள். டப்பாவின் மேல் 'கஞ்சா', தேதி, கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். குழந்தைக்கும் நாய்க்கும் அது சாதாரண சாக்லேட் குக்கிதான்.